மூன்றாம் மாடிக்கு நான் சொன்ன ஓம்

மாதத்தின் முதல் வாரத்தில் என் பெயருக்கு ஒரு சஞ்சிகை வருகிறது. வேட்டையும் மீன்பிடியும் பற்றிய பிரெஞ்சுச் சஞ்சிகை. சென்ற மாதம் கொம்பு விரித்த மான் ஒன்று தபாற்பெட்டிக்குள் இருந்து என்னைப் பார்த்தது. நான் துவக்கைத் தொட்டதில்லை. தூண்டிலும் பிடித்ததில்லை. வாழ்நாளில் நான் பிடித்த மீனெல்லாம் சந்தையில் விலை பேசிப் பிடித்தவைதான், வெள்ளிக்கிழமைகளில் அதுவும் கிடையாது. ஆனாலும் கெபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் நாங்கள் இருக்கும் பழைய கட்டடத்தில் வேட்டைச் சஞ்சிகை வாங்குகிற ஒரே ஆள் நான்தான். எல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பால் வந்தது. ஒரு பெண் இனிமையான குரலில் பத்து நிமிடம் பிரெஞ்சில் பேசினாள். பேசுகிறவர்களை இடையில் வெட்டக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். அவள் மூச்சு விட்ட இடத்திலெல்லாம் "உவி, உவி", அதாவது ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதே மரியாதையின் பலனாக மருந்துக்கடையின் புள்ளி அட்டை இரண்டும், மூலையில் இருக்கும் டெப்பனேர் என்கிற சின்னக் கடையின் கோப்பி அட்டை ஒன்றும், நான் ஒருநாளும் போகாத உடற்பயிற்சிக் கூடத்தின் அட்டையும் என் மேசை இலாச்சிக்குள் கிடக்கின்றன.

மகள் கவினா இங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழ் எங்களோடு மட்டும் பேசுகிற தமிழ். சஞ்சிகையைக் கண்டு சிரித்து முடித்த பிறகு என்னை வைத்து ஒரு வகுப்பே எடுத்தாள்.

"அப்பா, அவ கேள்வி கேட்டவ. நீங்கள் உவி எண்டு சொன்னனீங்கள். செ ஃபினி. முடிஞ்சுது."

"நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன் எண்டுதான் பிள்ளை சொன்னனான்."

"அதுக்கு உவி சொல்லக்கூடாது. சும்மா இருக்கோணும்."

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் ஓம் என்று சொல்வதில் பாதிக்கு மேல் சம்மதம் கிடையாது. தொலைபேசியில் அக்கா தன் மருமகளைப் பற்றி முறைப்பாடு சொன்னால் நான் ஓம், ஓம் என்கிறேன். அதற்காக மருமகள் பிழை என்று நான் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் இல்லை. சொல்லு, கேட்டுக்கொண்டிருக்கிறேன், லைன் அறுந்துபோகவில்லை, அவ்வளவுதான். சும்மா இருந்தால்தான் "என்ன, கோவமோ?" என்று கேட்பார்கள். சென்னை நண்பர்கள் இதற்கு 'ம்' வைத்திருக்கிறார்கள். வாயைத் திறக்காமல் சொல்லக்கூடிய அந்தச் சொல்லை யாரும் கையெழுத்தாக எடுத்துக்கொள்ள முடியாது. எங்களுக்கு வாய்த்தது ஓம். இந்த ஊருக்கு வந்ததும் அதை அப்படியே எடுத்து உவி என்று மொழிபெயர்த்து நாக்கில் வைத்துக்கொண்டேன். சஞ்சிகை பரவாயில்லை. மான் படத்தைப் பார்த்துவிட்டுக் குப்பைக்குள் போடலாம். அதே உவியால் ரொக்ஸ்பரோவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடந்ததை அப்படிப் போட முடியவில்லை.

என் வேலையைச் சொல்லவேண்டும். கட்டடம் கட்டுகிறவர் ஒருவர், அதற்கு வரைபடம் போடும் பொறியியலாளர் ஒருவர், அனுமதி கொடுக்கும் நகரசபை ஒன்று. இந்த மூன்றிலும் சேராத நான்காவது ஆள் நான். கட்டடத்தோடு சொந்தபந்தம் இல்லாத ஒரு கண் வேண்டும் என்பதற்காகச் சுயாதீனக் கட்டுப்பாட்டு நிறுவனம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே நான் தொழில்நுட்ப அலுவலர். மூடப்படப்போகிறவற்றை மூடுவதற்கு முன் பார்ப்பதுதான் எங்கள் தொழில். கொங்கிறீற் ஊற்றுவதற்கு முன் கம்பியைப் பார்க்கவேண்டும், பலகை அடிப்பதற்கு முன் சுவருக்குள் குளிரைத் தடுக்க வைக்கும் பஞ்சைப் பார்க்கவேண்டும், மண் போடுவதற்கு முன் அத்திவாரத்தில் பூசிய தாரைப் பார்க்கவேண்டும். வீடு வாங்குகிறவர்கள் ஒருநாளும் பார்க்க முடியாத இடங்களை அவர்களுக்காகப் பார்க்கிற வேலை. முதன்முதலில் 'கொன்றோலேர்' என்று முதுகில் எழுதிய மஞ்சள் சட்டையைப் போட்டபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொன்றோல் எங்கள் கையில் என்று நினைத்தேன். பிரெஞ்சில் கொன்றோல் என்றால் பார்த்துச் சரி பிழை சொல்வது. பிடித்து நிறுத்துவது அல்ல. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் படிக்க எனக்கு ஒரு முழுக் கட்டடம் தேவைப்பட்டது. இன்னொன்றும் சொல்லவேண்டும். சொந்தபந்தம் இல்லாத அந்தக் கண்ணை வேலைக்கு அமர்த்துகிறவர் கட்டடம் கட்டுகிறவர்தான். வேண்டாம் என்றால் அடுத்த கட்டடத்துக்கு வேறு கண்ணைக் கூப்பிடுவார்.

ஊரிலும் நான் இதே வேலைதான் செய்தேன். யுத்தம் முடிந்த பிறகு வன்னியில் வீட்டுத்திட்டங்கள் வந்தபோது நான் தொழில்நுட்ப அலுவலர், சனத்தின் வாயில் ரி.ஓ. அத்திவாரம், யன்னல் மட்டம், கூரை என்று ஒவ்வொரு படியிலும் நான் போய்ப் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் அடுத்த படி. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் மேசன்மார் பீடியை எறிந்துவிட்டு எழும்பி நிற்பார்கள். ராசமலர் என்று ஒரு பெண். கணவரைக் காணவில்லை, இரண்டு பிள்ளைகள். யன்னலுக்கு மேலே போட்ட கொங்கிறீற் வளையின் பலகையைக் கழற்றிய அன்று நான் போனேன். அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. முனையில் பார்த்தால் கம்பி மேல்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சுவரில் தாங்கி நடுவில் பாரம் ஏறுகிற வளை அடிப்பக்கத்தில்தான் பிளக்கப் பார்க்கும், கம்பியும் அடியில்தான் கிடக்கவேண்டும். மேசன் தலைகீழாக வைத்துவிட்டான். உடையுங்கோ என்றேன். மேசன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அந்தப் பெண் போய்ச் சுத்தியலை எடுத்து வந்து தானே உடைக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் உடைத்துவிட்டுத் திரும்பி, "சேருக்கு வீடு இருக்கோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அன்றைக்கு அது முழு ஓம், அதில் இரண்டு அர்த்தம் இருக்கவில்லை. அந்த ஊரில் என்னை எவ்வளவு திட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். திரும்பப் போட்ட வளை இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது என்று அங்கே இருக்கும் நண்பர் சொன்னார்.

ரொக்ஸ்பரோவில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட அந்தக் கட்டடம் எழும்பியது. இலையுதிர்காலம். வாரக் கடைசியில் உறைபனி வருமென்று சொல்லிவிட்டதால் எல்லாருக்கும் அவசரம். அன்று காலை மூன்றாம் மாடியில் ஆறு பல்கனித் தட்டுகளுக்குக் கொங்கிறீற் ஊற்ற இருந்தார்கள். பல்கனி வளையைப் போன்றது அல்ல. ஒரு பக்கம்தான் கட்டடத்தில் பிடித்திருக்கிறது, மற்றப் பக்கம் அந்தரத்தில் நிற்கிறது. நுனியில் ஆள் நின்றால் மேல்பக்கம்தான் பிளக்கப் பார்க்கும், ஆகவே கம்பி மேலே இருக்கவேண்டும். வேலையாட்கள் சப்பாத்துக்காலோடு மிதித்தாலும் கம்பி கீழே போகாமல் இருக்க அடியில் சின்னக் கால்கள் வைப்பார்கள். அவற்றுக்கு இங்கே 'ஷேஸ்' என்று பெயர். கதிரை என்று அர்த்தம், நாங்கள் ஏறி இருக்கிற அதே கதிரை. நான் குனிந்து பார்த்தேன். மூலையில் இருந்த இரண்டு பல்கனிகளில் பாதிக் கதிரைகளைக் காணவில்லை. எழும்பித் திரும்பினால் வேலையாட்களை மேய்க்கும் போர்மன் ஜில் நின்றான். நல்ல மனிதன். காலையில் கண்டால் கையைக் குலுக்கி மகளைப் பற்றி விசாரிப்பான். ஆனால் அவன் பேசும் கெபெக் பிரெஞ்சு ஓடும் லொறியில் இருந்து கத்துவதைப் போலத்தான் என் காதில் விழும். லொறி வந்துவிட்டது, கீழே நிற்கிறது, குளிர் வருகிறது, கொங்கிறீற்றை மேலே ஏற்றும் பம்ப் பிற்பகல் வேறு இடத்துக்குப் போகவேண்டும் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். நான் வழக்கம் போல இடையிடையே உவி, உவி என்றேன்.

"ஓன் கூல்? செ கொறெக்?" என்று முடித்தான்.

ஊற்றுவோமா, சரிதானே என்று கேட்கிறான். அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. ஆனால் என் வாய் முன்னைய வசனத்திலேயே நின்றது. "உவி, உவி," என்றது. அதன் பிறகுதான் "மே... லே ஷேஸ்," ஆனால் கதிரைகள், என்று கம்பிப் பக்கம் கையைக் காட்டி, காதுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, பொறியியலாளருக்குப் பேசிவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டினேன். பம்பின் சத்தத்தில் மேலே ஒன்றும் கேட்காது. படிக்கட்டால் கீழே இறங்கிப் போய் அழைத்தேன். அவர் எடுக்க நேரமாகியது. நிறுத்தச் சொல்லுங்கள், கதிரைகளை வைத்த பிறகு ஊற்றலாம் என்றார். அதைத்தான் நானும் எதிர்பார்த்தேன். மேலே ஓடினேன். பம்பின் குழாய் மூலைப் பல்கனியில் துப்பிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் கம்பி வலைக்கு மேலே றப்பர் சப்பாத்தோடு நடந்து கொங்கிறீற்றைப் பரப்பினார்கள். படிக்கட்டு வாசலில், எல்லாவற்றையும் பார்க்க வசதியாக, எனக்கென்று ஒரு மடக்குக் கதிரையை விரித்து வைத்திருந்தான் ஜில். நான் ஷேஸ் கேட்டேன் அல்லவா, கொண்டுவந்து வைத்திருக்கிறான். பகிடியா, வயதான மனிதன் களைத்துவிட்டான் என்ற இரக்கமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரக்கம் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் இன்னும் கரைச்சலாக இருக்கிறது.

நிறுத்து, நிறுத்து என்று கத்தினேன். ஜில் இரண்டு கையையும் விரித்தான். அவன் முகத்தில் உண்மையான திகைப்பு இருந்தது.

"தா டி உவி," என்றான். நீ ஓம் சொன்னாயே.

லொறிக்குள் இருக்கும் கொங்கிறீற் காத்திருக்காது. பாதியில் நிறுத்தினால் அது வேறு பிழை. பிற்பகலுக்குள் ஆறையும் ஊற்றி, மேலே மட்டம் தட்டி, குளிருக்குப் போர்வை போர்த்துவிட்டார்கள். போர்வைக்கு அடியில் கம்பி எங்கே கிடக்கிறது என்று இனி யாராலும் பார்க்க முடியாது. நான் கதிரையில் இருக்கவில்லை. அன்று பின்னேரமே 'விதிக்குப் பொருந்தவில்லை' என்று அறிக்கை எழுதினேன். அடுத்த நாள் எங்கள் மனேஜர் பத்ரிஸ் என்னைக் கூப்பிட்டான். கட்டடத்தின் நாட்குறிப்பின் பிரதி அவன் மேசையில் இருந்தது. பத்து நாற்பதுக்குக் கொன்றோலேர் வாய்மொழியாகச் சம்மதித்தார் என்று ஜில் எழுதியிருந்தான். பொய் ஒன்றும் இல்லை, அவன் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். எங்கள் ஆட்கள் உவி என்பது சம்மதம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்கான சத்தம் என்று பத்ரிஸுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவன் பொறுமையாகத் தலையாட்டினான். பிறகு, இதை எந்த நீதிமன்றத்தில் எந்த மொழியில் சொல்வாய் என்று கேட்டான். அவனும் கெட்டவன் இல்லை. பொருந்தவில்லை என்று எழுதினால் எங்கள் ஆள்தான் சம்மதித்தார் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும், இரண்டும் ஒரே தாளில் நிற்காது என்றான்.

கருவி வைத்துக் கம்பியின் ஆழத்தை அளந்தார்கள். ஆறில் நான்கு சரி. மூலை இரண்டிலும் கம்பி இறங்கியிருந்தது. உடைத்துத் திரும்பப் போடலாம். எனக்கு ராசமலரின் சுத்தியல் நினைவுக்கு வந்தது. இங்கே சுத்தியலை எடுக்க ஒருவரும் இல்லை. கட்டுகிறவர் இன்னொரு பொறியியலாளரைக் கூப்பிட்டார். அவர் கணக்குப் பார்த்துக் கடிதம் எழுதினார். வழமையான பாவனைக்குப் போதும், பாரமான பொருட்களைத் தவிர்க்கவேண்டும், சில வருடங்களில் திரும்பப் பரிசோதிக்கவேண்டும் என்றது கடிதம். என் அறிக்கையில் 'பொருந்தவில்லை' போய், 'அக்செப்தே சூ ரெசேர்வ்' என்று வந்தது. ஏற்கப்படுகிறது, ஆனால் தயக்கத்தோடு. கீழே என் கையெழுத்து. வைக்காமல் விட்டிருக்கலாம். வேலை போயிருக்கும், வேறு ஒருவர் வைத்திருப்பார் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்துபோய்த்தான் வைத்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அன்ரனும் மெற்றில்டாவும் இருந்தார்கள். மன்னார்க்காரர். அன்ரன் துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓடுகிறவர், மெற்றில்டாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பாதி நிலத்துக்குள் புதைந்த அவர்களுடைய வீட்டு யன்னலால் பார்த்தால் போகிற வருகிறவர்களின் சப்பாத்துதான் தெரியும், மாரியில் அதுவும் பனிக்குள் மூடிவிடும். பல்கனி உள்ள வீடு வேண்டும் என்பது மெற்றில்டாவின் ஒரே ஆசை. கறிவேப்பிலைச் சாடி வைக்கவேண்டும், உடுப்புக் காயப்போடவேண்டும், பின்னேரத்தில் வெளியே இருந்து தேத்தண்ணி குடிக்கவேண்டும் என்று படியில் காணும்போதெல்லாம் என் மனைவியிடம் சொல்வா. போன வசந்தகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் கேக் பெட்டி. ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கி எழுதி முடித்தாயிற்று என்றார்கள். விலாசத்தைச் சொன்னார்கள், அதே கட்டடம். மூன்றாம் மாடி என்றார்கள். மூலை வீடு என்றார்கள்.

"உங்களுக்குத்தான் அண்ணை நன்றி சொல்லோணும்," என்றார் அன்ரன். "உறுதி எழுதுற நொத்தாரிசு வாசிச்சுக்கொண்டு போறார், ஒரு கட்டுப் பேப்பர். ஒண்டும் விளங்கேல்லை. கட்டடத்தைச் செக் பண்ணின ஆளின்ர பேர் வந்த இடத்தில மனுசன் தடக்குப்பட்டுக் குகா, நேஸா எண்டு திணறுறார். நான்தான் எட்டிப் பாத்திட்டு குகநேசன் எண்டு சொல்லிக் குடுத்தனான்."

"உங்கட பேரைக் கண்டாப் பிறகுதான் எனக்கு நெஞ்சு ஆறினது," என்றா மெற்றில்டா. "இவர் யோசிச்சுக்கொண்டு இருந்தவர். எங்கட அண்ணை பாத்த கட்டடம், வையுங்கோ கையெழுத்தை எண்டனான்."

பல்கனியைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறது என்று பைக்குள் இருந்து தாளை எடுத்துக் காட்டினா. 'சூ ரெசேர்வ்' என்ற சொல்லுக்கு அடியில் பேனையால் கோடு இழுத்திருந்தா. "பல்கனி எங்களுக்கெண்டே ரிசேர்வ் பண்ணிக் கிடக்கு, வேற ஒருத்தரும் வரேலாது, என்ன அண்ணை?" என்று கேட்டா. என் மனைவி தேத்தண்ணி ஊற்றப் போனாள். போன கையோடு குசினியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குக் கதை முழுவதும் தெரியும்.

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. கதிரைகளையும் சொன்னேன், உவியையும் சொன்னேன், கையெழுத்தையும் சொன்னேன். கேக் வெட்டப்படாமல் மேசையில் இருந்தது. அவர்கள் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்ரன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெற்றில்டா மெல்லிய குரலில், "எத்தினை பேர் நிக்கலாம் அண்ணை?" என்று கேட்டா. அதற்கு என்னிடம் எண் இல்லை. விழும் என்று சொல்ல என்னிடம் கணக்கு இல்லை, விழாது என்று சொல்லவும் இல்லை. நாற்பது வருடம் ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். ஒவ்வொரு மாரியிலும் மேல்பக்கத்தால் தண்ணீர் இறங்கி உறைந்து வெடிப்பைப் பெருப்பிக்கலாம். ரெண்டு பேருக்கு மேல நிக்காதேங்கோ, பாரம் ஒண்டும் வையாதேங்கோ என்றேன். அவ தலையாட்டினா. வாசலில் செருப்பைப் போடும்போது என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, சனத்துக்கு முன்னால சொல்லிப்போட வேண்டாம். பேந்து வீட்டை வித்துப்போட்டுப் போகவும் ஏலாது," என்று சொன்னதாக மனைவி பிறகு சொன்னாள்.

அதன் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அந்தக் கட்டட உரிமையாளர்களின் சங்கத்துக்கு அன்ரனைக் கொண்டு எழுதுவித்தேன். பொறியியலாளரின் கடிதம் கோப்பில் இருக்கிறது, இதைக் கிளறினால் எல்லாருடைய வீட்டுக்கும் பெறுமதி இறங்கும் என்று கூட்டத்தில் சொன்னார்களாம். நகரசபைக்கு என் பெயரிலேயே எழுதினேன். கவினா பிரெஞ்சைத் திருத்திக் கொடுத்தாள். இந்த முறை ஒரு சொல்லும் இரண்டு விதமாக விளங்கக்கூடாது என்று அவளிடம் சொன்னேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பதற்றத்தோடு பிரித்தேன். 'அக்கூசே த ரெசெப்சியோன்.' இது என்ன பிள்ளை என்றேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று அர்த்தம் என்றாள். கிடைத்தது, பிறகு? பிறகு ஒன்றும் இல்லை அப்பா, கிடைத்தது, அவ்வளவுதான் என்றாள். நான் சிரித்துவிட்டேன். இந்த நாட்டிலும் எங்கள் ஓம் இருக்கத்தான் செய்கிறது. சம்மதம் இல்லாத ஓம், கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்கிற ஓம். அவர்கள் அதைக் கடதாசியில் அச்சடித்து, தபால்தலை ஒட்டி அனுப்புகிறார்கள். அதை ஒருவரும் சம்மதமென்று பிடித்து நாட்குறிப்பில் எழுத முடியாது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு இன்றுவரை வேறு கடிதம் வரவில்லை. பத்ரிஸ் என்னைக் கொங்கிறீற் பக்கம் அனுப்புவதை விட்டுவிட்டான். இப்போது சுவருக்குள் வைக்கும் பஞ்சைப் பார்க்கிறேன். மஞ்சள் சட்டை அதேதான்.

ஆவணியில் அன்ரன் வீட்டு மந்திரிப்பு, சுவாமியார் வந்து புது வீட்டை ஆசீர்வதிக்கிற நாள். போகாமல் விடலாம் என்று பார்த்தேன். மெற்றில்டா இரண்டு தரம் தொலைபேசியில் கூப்பிட்டா. சுவாமியார் ஒவ்வொரு அறையாகத் தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி, பல்கனிக் கதவடியில் நின்று வெளியேயும் தெளித்தார். துளிகள் போய்க் கொங்கிறீற்றில் விழுந்து உடனே காய்ந்துபோயின. பல்கனி துப்புரவாக இருந்தது. கறிவேப்பிலைச் சாடி அறைக்குள், யன்னலுக்குக் கிட்ட நின்றது. உடுப்புக் கொடியும் இல்லை. நான் சொன்னதை மெற்றில்டா ஒன்றுவிடாமல் கடைப்பிடித்திருந்தா. ஆசைப்பட்ட அந்த ஒரு இடம் மட்டும் வீட்டில் வெறுமையாகக் கிடந்தது. ஒருவரும் வெளியே போய்விடாமல் இருக்க, கதவுக்குக் குறுக்கே சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைப் போட்டிருந்தா. அவ என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் பலகாரத் தட்டோடு குசினிக்குப் போனா.

சுவாமியார் போன பிறகு வீடு கலகலப்பாகியது. அன்ரனோடு வேலை செய்யும் பெடியங்கள், பங்குச் சனம், பிள்ளைகள். அறைக்குள் வெக்கை. யாரோ ஒரு தம்பி நல்ல மனதோடு அந்தக் கதிரையைத் தூக்கி எனக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "அண்ணை நிண்டுகொண்டு இருக்கிறியள், இருங்கோ," என்றார். நான் அதைத் தடுக்க வாயெடுப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. காற்று வருகிறது என்று ஒருவர் போனார், ரயில் தெரிகிறது என்று பிள்ளைகள் போனார்கள், பிள்ளைகளைப் பிடிக்கத் தாய்மார் போனார்கள். நான் எண்ணினேன். ஐந்து, ஏழு, ஒன்பது. சோடாப் போத்தலோடு அன்ரன் அவர்களை உள்ளே கூப்பிடத்தான் வெளியே போனார். நடுவில் யாரோ தோளில் கையைப் போட்டு நிறுத்திவிட்டார்கள்.

"உள்ளுக்கு வாங்கோ, சாப்பிடுவம்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னேன். "நீங்கள் துவங்குங்கோ அண்ணை, வாறம்," என்றார்கள் சிரித்துக்கொண்டு. குசினி வாசலில் மெற்றில்டா தட்டோடு நின்றா. சொல்லிப்போடாதேங்கோ என்று அவவின் கண் கெஞ்சியது. அதே கண் சொல்லுங்கோ என்றும் கெஞ்சியதாகத்தான் எனக்குப் பட்டது. நான் கதவடிக்குப் போனேன். ஒரு காலை வெளியே வைத்தேன், மற்றக் காலை எடுக்க முடியவில்லை. பதினோராவது ஆளாகப் பாரம் ஏற்ற மனமில்லை, அவர்களை அங்கே விட்டுவிட்டு அறைக்குள் போகவும் மனமில்லை. குனிந்து பார்த்தேன். வீடு முடிந்து பல்கனி தொடங்குகிற இடத்தில், கதவின் நீளத்துக்கு, மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியது. என் இரண்டு காலுக்கும் நடுவால் ஓடியது. கொங்கிறீற் காயும்போது வருகிற சாதாரண வெடிப்பாகவும் இருக்கலாம்.

அந்தப் பக்கத்தில், எல்லாருடைய தலைகளுக்கும் மேலால் அன்ரன் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ரயில் ஒன்று நிலையத்துக்குள் வந்துகொண்டிருந்தது, அந்தச் சத்தத்துக்குள் அவர் கேட்டார்:

"பிரச்சினை இல்லைத்தானே அண்ணை?"

"ஓம்," என்றேன்.